பிரபுக்கள் சபையில் ஒரு சட்டமூலம் தோற்றால் என்ன நடக்கும்?

2024 மார்ச் மாதம் முதல் வாரத்தில் ருவாண்டா சட்டமூலம் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் பத்துத் தடவை தோற்றது. அந்த நாட்களில் எமக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் பலவற்றில் ஒரே கேள்விதான் இருந்தது. "லோர்ட்ஸில தோத்துப் போச்சாமே, அப்ப இனி அனுப்பமாட்டினம்தானே?" கேட்டவர்களில் பலர் புகலிடக் கோரிக்கை முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 25ஆம் திகதி, அந்தச் சட்டமூலம் அரச ஒப்புதல் பெற்றுச் சட்டமாகியது. தோற்றது எப்படிச் சட்டமானது என்று அதே ஆட்கள் திரும்பவும் கேட்டார்கள். அன்று தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். "அரசாங்கம் பிரபுக்கள் சபையில் தோற்றது" என்று செய்தி வந்தால் சட்டமூலம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அரசாங்கம் விரும்பாத ஒரு திருத்தம் வாக்கெடுப்பில் வென்றிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் திருத்தம் பொதுமக்கள் சபைக்குத் திரும்பிப் போகும். அங்கே அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருந்தால், ஒரு மாலைப்பொழுதுக்குள் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். ருவாண்டா சட்டமூலத்தின் பத்துத் திருத்தங்களுக்கும் மார்ச் 18ஆம் திகதி நடந்தது அதுதான்.

அப்படியென்றால் இந்தச் சபை எதற்கு? பதில் நேரத்தில் இருக்கிறது. பிரபுக்கள் சபையின் உண்மையான அதிகாரம் மறுப்பதல்ல, பிந்தவைப்பது. பிந்துவது சில வேளை ஒன்றுக்கும் உதவாது. சில வேளை அதுதான் எல்லாம்.

யார் இவர்கள்

ஏறத்தாழ எண்ணூறு பேர். ஒருவரும் மக்களால் தெரிவு செய்யப்பட்டவரில்லை. பெரும்பாலானோர் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆயுள்காலத்துக்கு நியமிக்கப்பட்டவர்கள்: முன்னாள் அமைச்சர்கள், நீதிபதிகள், மருத்துவர்கள், பேராசிரியர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள், கட்சிக்குக் காசு கொடுத்தவர்களும்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் 26 பேருக்கு இடம் உண்டு. பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை விட்டு மிச்சம் எல்லோரையும் 1999இல் வெளியேற்றினார்கள். அந்த 92 இடங்களையும் நீக்கும் சட்டமூலம் 2024 செப்டெம்பரில் கொண்டுவரப்பட்டது.

1999க்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் அங்கே தனிப் பெரும்பான்மை இல்லை. எந்தக் கட்சியையும் சாராமல் குறுக்கு வாங்குகளில் இருப்பவர்களை எந்தக் கொறடாவும் கட்டுப்படுத்த முடியாது. எனவே இந்தச் சபையில் அரசாங்கம் தோற்பது அதிசயமே இல்லை. அதைத் தலைப்புச் செய்தியாகப் போடும் ஊடகங்கள்தான் எம்மவரைக் குழப்புகின்றன.

விவாதம் நடக்கும் விதம்

பொதுமக்கள் சபையில் சபாநாயகர் எழுந்து "ஓர்டர், ஓர்டர்" என்று அதட்டுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிரபுக்கள் சபையில் அது நடக்காது. 2006 முதல் அங்கேயும் சபாநாயகர் ஒருவர் உண்டு. சிவப்புத் துணி போர்த்த பெரிய கம்பளி மூட்டை ஒன்றில் அமர்ந்திருப்பார். ஆனால் ஒருவரைப் பேச அழைக்கவோ, இருத்தவோ, திருத்தங்களில் எது விவாதத்துக்கு வரும் என்று தெரிவு செய்யவோ அவருக்கு அதிகாரமில்லை. சபை தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இருவர் எழுந்தால் யாராவது ஒருவர் மரியாதையாக இருந்துவிட வேண்டும்.

இதில் ஒரு பெரிய விளைவு இருக்கிறது. பொதுமக்கள் சபையில் அரசாங்கம் விவாதத்துக்கு நேர எல்லை போடலாம். பல பிரிவுகள் ஒரு சொல்கூடப் பேசப்படாமலே நிறைவேறிப் போவதுண்டு. பிரபுக்கள் சபையில் அந்தக் கத்தி இல்லை. எந்த உறுப்பினரும் எந்தத் திருத்தத்தையும் வைக்கலாம். வைத்த திருத்தம் எல்லாம் பேசப்படும். குழுநிலையில் சட்டமூலம் வரி வரியாகப் பிரிக்கப்படும். கட்டங்களுக்கு இடையில் இடைவெளியும் வழக்கமாக உண்டு: முதலாம் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் இடையில் இரண்டு வார இறுதிகள், இரண்டாம் வாசிப்புக்கும் குழுநிலைக்கும் இடையில் 14 நாட்கள். அவசரம் என்று அரசாங்கம் சொன்னால் இதைச் சுருக்கலாம். ஆனால் சபை சம்மதிக்க வேண்டும்.

இரண்டாம் வாசிப்பில் பொதுவாக வாக்கெடுப்பு நடப்பதில்லை. குழுநிலையிலும் வாக்கெடுப்பு குறைவு. உறுப்பினர் ஒருவர் திருத்தத்தை வைப்பார், அரை மணி நேரம் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார், உறுப்பினர் நன்றி கூறித் திருத்தத்தை மீளப் பெற்றுக்கொள்வார். நேரலையில் இதைப் பார்க்கும் எம்மவருக்கு எரிச்சல்தான் வரும். இவ்வளவு பேசிவிட்டு ஏன் பின்வாங்குகிறார்?

அவர் பின்வாங்கவில்லை. அது அமைச்சரின் வாயைத் திறக்க வைக்கும் திருத்தம். "இந்தப் பிரிவு சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கும் பொருந்துமா?" என்று கேட்டால் அமைச்சர் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். சொன்னது ஹன்சாட்டில் பதிவாகிவிடும். சட்டத்தின் வாசகம் தெளிவில்லாமல் இருக்கும்போது, அதைக் கொண்டுவந்த அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெளிவாகச் சொன்னதை நீதிமன்றம் பார்க்கலாம் என்று பெப்பர் எதிர் ஹார்ட் வழக்கில் 1992இல் தீர்ப்பானது. இரண்டு வருடம் கழித்து ஒரு தீர்ப்பாயத்தில் எமது சட்டத்தரணி கையில் எடுக்கும் ஆயுதம் அந்த இரவு பத்து மணிப் பேச்சாக இருக்கலாம். குழுநிலையில் கிடைத்த பதில் போதாவிட்டால் அடுத்தது அறிக்கை நிலை. உண்மையான வாக்கெடுப்புகள் அங்கேதான். ஆம், இல்லை என்று சொல்வதற்குப் பதில் "கொன்டென்ற்", "நொட் கொன்டென்ற்" என்பார்கள்.

இரண்டு தொப்பி போட்ட தலைவர்

சபாநாயகருக்கு அதிகாரமில்லை என்றால் சபையை வழிநடத்துவது யார்? சபைத் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் அமைச்சரவை உறுப்பினர், பிரதமர் நியமிப்பவர், 2024 யூலை முதல் பஸில்டன் ஸ்மித் சீமாட்டி அந்தப் பதவிக்கு வந்தார். அரசாங்கத்தின் சட்டமூலங்களைக் கரைசேர்ப்பது அவர் வேலை. அதே வேளை, முழுச் சபைக்கும் ஆலோசனை சொல்லி, ஒழுங்கு தவறினால் நினைவூட்டி, எதிர்க்கட்சியின் உரிமையையும் காப்பதும் அவர் வேலைதான். இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். அங்கே பெரும்பான்மை இல்லாததால் அதட்டி ஒன்றும் செய்ய முடியாது. எதிர்க்கட்சிக் கொறடாக்களோடு பின்னறையில் பேசித்தான் நாள் குறிக்க வேண்டும்.

இந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் சோல்ஸ்பரி மரபு. 1945இல் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றது. பிரபுக்கள் சபையிலோ பழமைவாதிகள்தான் நிறைந்திருந்தார்கள். சபைத் தலைவர் அடிசன் பிரபுவும், எதிர்க்கட்சித் தலைவராக இருந்து பின்னர் சோல்ஸ்பரிப் பிரபு ஆனவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: தேர்தல் விஞ்ஞாபனத்தில் மக்கள் முன் வைத்த சட்டமூலத்தை இரண்டாம் வாசிப்பில் தோற்கடிப்பதில்லை. எழுதாத உடன்பாடு. இன்றும் பெரும்பாலும் மதிக்கப்படுகிறது.

பிந்தவைக்கும் கணக்கு

ஒரு காலத்தில் இந்தச் சபையால் எந்தச் சட்டமூலத்தையும் கொல்ல முடிந்தது. 1909 நவம்பர் 30ஆம் திகதி லொயிட் ஜோர்ஜின் வரவு செலவுத் திட்டத்தையே தூக்கி எறிந்தார்கள். பணக்காரர் மீதும் நிலத்தின் மீதும் வரி போட்டதுதான் குற்றம். 1910இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. இசையாவிட்டால் நூற்றுக்கணக்கான புதுப் பிரபுக்களை நியமித்துச் சபையை நிரப்புவோம் என்று அரசாங்கம் மிரட்டியது. கடைசியில் 1911 ஓகஸ்ட் 10ஆம் திகதி, 131க்கு 114 என்ற வாக்கில், பிரபுக்கள் தமது அதிகாரத்தைத் தாமே வெட்டிக் கொடுத்தார்கள்.

அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிதிச் சட்டமூலத்தை ஒரு மாதத்துக்கு மேல் பிந்தவைக்க முடியாது. மற்றவற்றை இரண்டு வருடம் பிந்தவைக்கலாம். 1949இல் அது ஒரு வருடமாகக் குறைந்தது. பொதுமக்கள் சபை அடுத்த கூட்டத்தொடரிலும் அதே சட்டமூலத்தை நிறைவேற்றினால், பிரபுக்களின் சம்மதம் இல்லாமலே அது சட்டமாகும். நரி வேட்டையைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வந்தது. 1949க்குப் பிறகு இந்த வழியால் வந்த சட்டங்கள் நான்கே நான்கு. பிரபுக்கள் சபையில் தொடங்கும் சட்டமூலங்களுக்கும் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்து வருடத்துக்கு மேல் நீட்டும் சட்டமூலத்துக்கும் இந்த வழி செல்லாது. இரண்டாவதைக் கவனியுங்கள். தேர்தலையே நடத்தாமல் இருக்க ஒரு அரசாங்கம் நினைத்தால் அதைத் தடுக்கும் முழு அதிகாரம் இன்றும் பிரபுக்களிடம்தான் இருக்கிறது.

ஒரு வருடம் என்பது கடைசி ஆயுதம். அதற்கு முன்னால் நடப்பதை இங்கே "பிங் பொங்" என்பார்கள். திருத்தம் கீழ்ச்சபைக்குப் போகும், நிராகரிக்கப்பட்டு வரும், கொஞ்சம் மாற்றிய வடிவில் திரும்பப் போகும். இரு சபைகளும் ஒரே வாசகத்தில் இரண்டு தடவை விடாப்பிடியாக நின்றால் சட்டமூலம் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் சொல்லை மாற்றி மாற்றித்தான் அனுப்புவார்கள். கூட்டத்தொடர் முடியும் நாள் நெருங்க நெருங்கப் பிரபுக்களின் கை ஓங்கும்; முடிவதற்குள் நிறைவேறாத சட்டமூலம் பெரும்பாலும் காலாவதியாகும்.

எமக்கு நடந்த இரண்டு

2022ஆம் ஆண்டின் தேசியமும் எல்லைகளும் சட்டமூலத்தில் ஒன்பதாம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒருவருடைய பிரித்தானியக் குடியுரிமையை அவருக்கு அறிவிக்காமலே பறிக்க உள்துறை அமைச்சருக்கு அது இடம் கொடுத்தது. வேறு நாட்டில் வேர் உள்ளவர்களுக்குத்தான் இது அச்சம், அதாவது எம்மைப் போன்றவர்களுக்கு. இருபது வருடம் இங்கே வாழ்ந்து கடவுச்சீட்டு எடுத்த குடும்பங்கள்கூட அந்த மாதங்களில் நித்திரை இல்லாமல் இருந்தன. பெப்ரவரி 28ஆம் திகதி பிரபுக்கள் சபை 209க்கு 173 என்று அந்தப் பிரிவையே நீக்கியது. பிரிவு பிறகு திரும்பி வந்தது. ஆனால் வந்தது வேறு உருவத்தில்: அறிவிக்காமல் பறிக்க வேண்டுமானால் உள்துறை அமைச்சர் விசேட குடிவரவு மேன்முறையீட்டு ஆணைக்குழுவிடம் போக வேண்டும், நீதிபதி பார்க்க வேண்டும். முழு வெற்றி இல்லை. ஆனாலும் ஓர் அமைச்சரின் கையெழுத்துக்கும் ஒரு குடும்பத்தின் கதவுக்கும் நடுவில் ஒரு நீதிபதி வந்து நின்றார். அந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்தச் சபையின் கம்பளி மூட்டையையும் அங்கியையும் நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

அதே சட்டமூலத்தில் புகலிடம் கோரியவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு வேலை செய்யலாம் என்ற திருத்தத்தையும் பிரபுக்கள் நிறைவேற்றினார்கள். கீழ்ச்சபை அதை நிராகரித்தது. பிங் பொங்கில் அது கைவிடப்பட்டது.

ருவாண்டா கதை வேறு. 2023 நவம்பர் 15ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் சட்டவிரோதம் என்றது. அரசாங்கம் ருவாண்டா பாதுகாப்பான நாடு என்று சட்டமே எழுதிவிட முனைந்தது. 2024 ஜனவரி 22ஆம் திகதி, உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரும்வரை ருவாண்டா ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தக் கூடாது என்று பிரபுக்கள் 214க்கு 171 என்று வாக்களித்தார்கள். ஒரு வாரம் கழித்து, சட்டமூலத்தை இரண்டாம் வாசிப்பிலேயே நிறுத்த லிபரல் ஜனநாயகவாதிகள் பிரேரணை வைத்தார்கள். அது 206க்கு 84 என்று தோற்றது. தொழிற்கட்சி வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. ருவாண்டாத் திட்டம் 2019 விஞ்ஞாபனத்தில் இல்லை, எனவே சோல்ஸ்பரி மரபு கையைக் கட்டவில்லை. தேர்தலும் ஒரு வருடத்துக்குள் வரவேண்டியிருந்தது, எனவே ஒரு வருடம் பிந்தவைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அப்படியும் அவர்கள் நிறுத்தவில்லை. தெரிவு செய்யப்படாத சபை தெரிவு செய்யப்பட்ட சபையை முழுதாக மறிக்கக் கூடாது என்ற கூச்சம் அவர்களுக்குள் ஆழமாக இருக்கிறது. ஆட்சிக்கு வரப்போகும் கட்சிக்கு அந்தக் கூச்சம் வசதியானதும்கூட.

ஏப்ரல் 22ஆம் திகதி நள்ளிரவு தாண்டிப் பிரபுக்கள் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த மாதமே தேர்தல் அறிவிக்கப்பட்டது, யூலை 4இல் ஆட்சி மாறியது, திட்டம் கைவிடப்பட்டது, இந்தத் திட்டத்தின் கீழ் பலவந்தமாக ஒருவரையும் ஏற்றிய விமானம் பறக்கவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை சபையில் இழுத்த நாட்கள் அதற்கு எவ்வளவு உதவின என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்கள் வீணாகவில்லை என்பதே எமது எண்ணம்.

இங்கே ஒன்றையும் மறக்கக் கூடாது. ருவாண்டா என்ற பெயர் எமக்கு வெறும் செய்தியாக இருக்கவில்லை. 2021 ஒக்டோபரில் படகு பழுதாகி தியேகோ கார்சியாத் தீவில் கரை சேர்ந்த ஈழத்தமிழர்களில் சிலர் மருத்துவத்துக்காக ருவாண்டாவுக்கே அனுப்பப்பட்டிருந்தார்கள். தீவில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் 2024 டிசெம்பரில்தான் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

சட்டமூலமே இல்லாமல் வருபவை

குடிவரவு விதிகள் என்பவை சட்டமூலமாக வருவதில்லை. உள்துறை அமைச்சு ஓர் அறிக்கையாகச் சபையில் வைக்கும். எந்தச் சபையாவது 40 நாட்களுக்குள் மறுக்கலாம் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அது நடப்பது மிக அரிது. பிரபுக்கள் வருத்தம் தெரிவிக்கும் பிரேரணை ஒன்றை நிறைவேற்றலாம். அதனால் விதி மாறாது. ஊரிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைப்பதற்கான வருமான எல்லை 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக 2024 ஏப்ரல் 11ஆம் திகதி உயர்ந்தது இப்படித்தான். வாசிப்பு இல்லை, குழுநிலை இல்லை, பிங் பொங் இல்லை. எம்மவர் வீடுகளைப் பிரித்தது ருவாண்டாச் சட்டத்தைவிட இந்த விதிதான் அதிகம் என்று நினைக்கிறோம். ஆனால் அதைப் பற்றி ஒருவரும் எமக்குத் தொலைபேசி எடுத்து "லோர்ட்ஸில என்ன நடந்தது?" என்று கேட்கவில்லை. அங்கே நடக்க ஒன்றும் இருக்கவில்லை.

எமக்கும் ஒரு மூதவை இருந்தது

இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, இலங்கையிலும் செனற் சபை என்று ஒரு மூதவை இருந்தது. சோல்பரி யாப்பின் கீழ் 1947இல் தொடங்கியது. முப்பது பேர்: 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். அவசரச் சட்டங்களை ஆறப்போட்டுப் பேசும் இடமாக அது இருக்கும் என்று நம்பினார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியபோதும், 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதும் செனற் சபை தடுக்கவில்லை. பாதிப்பேரை கீழ்ச்சபையும் பாதிப்பேரை அரசாங்கமும் தெரிந்தால் அது எப்படித் தடுக்கும்? சட்டத்தரணி எஸ். நடேசன் போன்றவர்கள் அங்கே எழுப்பிய குரல் ஹன்சாட்டில் இருக்கிறது. சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் பிரதமரானதும் இந்தச் சபையின் உறுப்பினராகத்தான். 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி அவருடைய அரசாங்கமே அதை ஒழித்தது.

2017இல் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தல் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட புதிய இரண்டாம் சபை ஒன்றை முன்மொழிந்தது. அதில் 45 பேர் மாகாண சபைகளிலிருந்து, மாகாணத்துக்கு ஐந்து பேராக. நியமனச் சபைக்கும் மாகாணங்களின் சபைக்கும் மலையும் மடுவும் போல வித்தியாசம் உண்டு. அந்த முன்மொழிவு அறிக்கையோடு நின்றுவிட்டது. மூதவை பற்றி ஊரில் மறுபடி பேச்சு வரும்போது, "இருக்கிறதா?" என்பதைவிட "யார் தெரிவு செய்வது?" என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எப்போது, யாருக்கு எழுதுவது

உங்கள் சொந்த வழக்கு என்றால் உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். பிரபுக்களுக்குத் தொகுதி இல்லை. தனிப்பட்ட கோப்புகளை அவர்கள் பொதுவாகக் கையில் எடுப்பதில்லை. வரப்போகும் சட்டமூலத்தின் ஒரு பிரிவு உங்கள் வீட்டை எப்படித் தாக்கும் என்று சொல்வதற்கு அவர்கள் சரியான ஆட்கள்.

இரண்டாம் வாசிப்பு முடிந்து குழுநிலை தொடங்குவதற்கு இடைப்பட்ட அந்த இரண்டு வாரம்தான் பொன்னான நேரம். இரண்டாம் வாசிப்பில் யார் யார் பேசினார்கள் என்று நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட்டைப் பாருங்கள். குறுக்கு வாங்கில் இருப்பவர் ஒருவரையும் ஆயர் ஒருவரையும் தெரிவு செய்யுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தப் பிரிவு, எந்த இலக்கம், உங்களுக்கு என்ன நடக்கும் என்று மட்டும் எழுதுங்கள். எல்லோரும் ஒரே வாசகத்தில் அனுப்பும் நகல் கடிதத்தை அங்கே ஒருவரும் வாசிப்பதில்லை. ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளைகளிடம் கொடுத்துத் திருத்துங்கள், ஆனால் சொல்வது உங்கள் கதையாகவே இருக்கட்டும். உறுப்பினரின் பெயரோடு "பிரபுக்கள் சபை, லண்டன்" என்று ஆங்கிலத்தில் எழுதி, எஸ்.டபிள்யூ.1ஏ 0பி.டபிள்யூ. என்ற அஞ்சல் குறியீட்டைப் போட்டால் போய்ச் சேரும். அறிக்கை நிலை முடிந்த பிறகு அனுப்பினால் அந்தக் கடிதம் எமது 2024 மார்ச் மாதத் தொலைபேசி அழைப்புகளைப் போலத்தான், பிந்திவிட்டிருக்கும்.